சோடா போடும் நேரம்

“சோடா போடுவதற்கு ஒரு மாஸ்டர் எதற்கு? டோசிங் டேங்க்தான் இருக்கிறதே” என்று, நான் சாயப்பட்டறையை விட்டு விலகும் சமயத்தில் ஒரு படித்த பையன் முதலாளி முன்னாலேயே கேட்டான். முதலாளி ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. எனக்கு வலித்தது. திருப்பூரில் இன்று சாயம் போடும் பலர் அந்தப் பையனைப் போலத்தான் நினைக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

ரியாக்டிவ் சாயம் பருத்தியைப் பிடிக்கக் காரம் வேண்டும். சோடா ஆஷ் விழுந்து, சாயம் கரைந்த பாத்தின் பிஎச் 10.5-ஐ எட்டினால்தான் பருத்தியிலுள்ள செல்லுலோஸ் சாயத்தோடு முழு வேகத்தில் பிணையும். ஆனால் அதே காரம் தண்ணீரையும் சாயத்தின்மேல் ஏவிவிடுகிறது. தண்ணீரோடு பிணைந்துவிட்ட சாயத்துக்கு நிறம் அப்படியே இருக்கும், துணியைப் பிடிக்கும் திறன் மட்டும் போய்விடும். நான் அதைச் செத்த சாயம் என்பேன். பாத்தில் எது உயிருள்ள சாயம், எது செத்தது என்று எந்தக் கண்ணாலும் பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியில் சோப்பு நீரில் கழுவி சோப்பிங் செய்யும்போது நிறம் நிறமாக இறங்கி ஓடுமே, அப்போதுதான் தெரியும்.

பிஎச் ஒரு எண் ஏறினால் காரம் பத்து மடங்கு. சாயம் துணியைப் பிடிக்கும் வேகமும் ஏறக்குறைய அதே அளவு கூடும், தண்ணீரில் சாகும் வேகமும் கூடும். “இரண்டும் சேர்ந்துதானே ஏறுகிறது மாஸ்டர், சோடாவைச் சேர்த்துக் கொட்டினால் லாட் சீக்கிரம் இறங்கும்” என்கிறார்கள். 11 வரைக்கும் அதில் பாதி உண்மை உண்டு. 11-ஐத் தாண்டிக் காஸ்டிக்கை ஊற்றினால், எதிர்மின்சாரம் ஏறிய துணி சாயத்தைத் தள்ள ஆரம்பிக்கும், சாவு முந்திக்கொள்ளும். மற்ற பாதியை அவர்கள் யோசிப்பதே இல்லை. சோடா விழும்போது சாயம் எங்கே இருக்கிறது? நூலுக்குள் போய்ச் சேர்ந்த சாயம் செல்லுலோஸைச் சந்திக்கும். பாத்தில் மிதக்கும் சாயத்துக்குத் தண்ணீரை விட்டால் வேறு ஆளில்லை. அதற்காகத்தான் முதலில் உப்பு, லிட்டருக்கு 50, 60, கறுப்புக்கு 80 கிராம் வரை. உப்பு சாயத்தை நூலுக்குள் அனுப்பி முடிக்கும்வரை சோடா வெளியே நிற்க வேண்டும். எங்கள் தொழில் முழுக்க அந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

நாம் காத்திருந்தாலும் தண்ணீர் காத்திருப்பதில்லை. என்னை அதிகம் அலைக்கழித்தது அதுதான். வெளிர் காக்கி, பீஜ், இளஞ்சாம்பல் போடும்போதெல்லாம் துணியில் திட்டுத்திட்டாக இறங்கும். அடர்ந்த ஷேடுகளில் ஒன்றும் தெரியாது. மெஷினைச் சொன்னார்கள், நிட்டிங்கைச் சொன்னார்கள், பிளீச்சிங்கில் பெராக்சைடு மிச்சம் நின்றுவிட்டது என்றார்கள். பெராக்சைடு கில்லரை மாற்றிப் பார்த்தோம். திட்டு போகவில்லை. தண்ணீரைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சாஃப்ட்னர் தண்ணீர், பிஎச் 7.2, ஹார்ட்னஸ் இல்லை. அதில் என்ன குறை காண முடியும்?

குறை கண்டவர் எங்கள் பெரிய மாஸ்டர். கோயமுத்தூர் மில்லில் வின்ச் மெஷினில் தொழில் பழகி வந்தவர், அதிகம் பேசமாட்டார். ஒரு பீக்கரில் சாஃப்ட்னர் தண்ணீரைப் பிடித்துவரச் சொன்னார். பிஎச் பேப்பரை நனைத்துக் காட்டினார், பச்சை கலந்த மஞ்சள். பீக்கரை ஹீட்டர்மேல் வைத்துக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மறுபடி பேப்பர் போட்டார். நீலத்துக்குப் போய்விட்டது. “பச்சைத் தண்ணியப் பாத்து நம்பாதெ கண்ணு, காய வெச்சுப் பாரு” என்றார்.

அந்தத் தண்ணீரில் ஒளிந்திருந்தது பைகார்பனேட். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரில் அதற்குக் குறைவே இல்லை. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், பைகார்பனேட்டை அது தொடாது. ஆக, சாஃப்ட்னரிலிருந்து வருவது ஆப்பச் சோடா கரைந்த தண்ணீர். சூடேறினால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பிப் போய், சோடியம் கார்பனேட் நிற்கும். நாம் மூட்டையில் வாங்குகிற சோடா ஆஷே அதுதான். நாம் சோடா போடுவதற்கு முன்னாலேயே பாத்தில் சோடா விழுந்தாயிற்று. உப்பு தன் வேலையை முடிக்காத நிலையில், மெஷினில் முன்னால் ஓடும் துணி சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் வரும் துணிக்கு மிச்சம்தான். வெளிர் ஷேடில் அது பளிச்சென்று தெரியும். டர்காய்ஸுக்கு 80 டிகிரி ஏற்றினால் இன்னும் மோசம்.

அதற்கு மருந்து அசிட்டிக் ஆசிட். சாயம் போடுவதற்கு முன்னால் விட்டு, ஓடவிட்டு, சூட்டிலும் பிஎச் 6.5-இல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அளவு மீறினால் பின்னால் விழும் சோடாவை அந்த ஆசிட்டே தின்றுவிடும், அப்போது ஷேடு வெளிறும். உப்பையும் கரைத்துப் பார்க்க வேண்டும், சில உப்பு காரத்தோடு வரும். டோசிங் டேங்க் சோடாவை மெல்ல மெல்ல விடும், அருமையான சாதனம், நானும் அதைக் கொண்டாடுகிறவன்தான். ஆனால் எவ்வளவு சோடா ஏற்கெனவே பாத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆறு பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த எவனும் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டான். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாதென்று ஆர்ஓ, எவாப்பரேட்டர் என்று கோடி கோடியாகக் கொட்டினோம், உப்பைக்கூட மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறோம். நல்லதுதான். ஆனால் அந்தச் சுத்திகரிப்புக்குப் போய்ச் சேரும் நிறம் எது? துணியில் நிற்க வேண்டிய, பாத்திலேயே செத்த சாயம். முறையாகப் போட்டால்கூட நூற்றுக்கு இருபது முப்பது பங்கு சாகத்தான் செய்யும். அதற்குமேல் சாகிறதென்றால் அது கவனக்குறைவு. சுத்திகரிப்பு நிலையத்துக்கு இன்ஜினியர் வைக்கிறார்கள், மெஷின் பக்கத்தில் ஒரு பிஎச் பேப்பர் கட்டு இருப்பதில்லை.

கழுவும் வேலையிலும் இதே கதை. வினைல் சல்போன் சாயத்தின் பிணைப்பு காரத்தில் அவிழும். சோடா மிச்சம் இருக்கும்போதே கொதிக்கக் கொதிக்க சோப்பிங் போட்டால், கஷ்டப்பட்டு ஏற்றிய சாயத்தை நாமே இறக்குகிறோம். நியூட்ரல் செய்துவிட்டுத்தான் சூடேற்ற வேண்டும். டிரையசின் சாயம் இதற்கு நேரெதிர், அது ஆசிட்டில் அவிழும். நேரம் மிச்சம் என்று கடைசி வாஷைக் குறைத்து, துணியில் ஆசிட் தங்க மூட்டை கட்டினால், கிடங்கின் ஈரத்திலும் சூட்டிலும் பிணைப்பு மெல்ல விடுபடும். பட்டறையில் கலர் ஃபாஸ்ட்னஸ் ரிப்போர்ட் நன்றாகவே வந்திருக்கும். எங்கேயோ ஒரு நாட்டில், ஒரு வீட்டு வாஷிங் மெஷினில் மற்ற துணிகள்மேல் அந்தச் சாயம் ஒட்டும். புகார் தைத்தவரிடம் போகும், அவருடைய பில்லில் பிடிப்பார்கள், சோடாவும் ஆசிட்டும் அளக்காமல் போட்டவருக்குச் செய்திகூட வராது.