பாட்டு நின்ற பிறகு

கதை எழுத முனையும் இளைஞர்கள் நம்மைக் காணும்போதெல்லாம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கதைக் கரு எங்கிருந்து கிடைக்கிறது?" என்பதே அது. கேட்கும்போதே அவர்கள் கண்களில் ஓர் எதிர்பார்ப்பு மின்னும். நள்ளிரவில் ஏதோ ஒன்று வானிலிருந்து இறங்கி வந்து, நம் கையிலுள்ள எழுதுகோலைப் பிடித்து நடத்துகிறது என்று நாம் சொல்லப்போவதாக எண்ணிக் காத்திருப்பர். நாமகள் நாவில் எழுதினாள், நாழிகைக்குள் எழுந்தது காவியம் என்ற பழங்கதை, பகுத்தறிவு பேசும் வீட்டிலும் பரண்மேல் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறது போலும்!

நாம் அளிக்கும் விடை அவர்களுக்குச் சுவைப்பதில்லை. பாட்டைக் கேளுங்கள், படத்தைப் பாருங்கள், சிலையின் முன்னால் சற்று நேரம் நில்லுங்கள் என்கிறோம். பார்த்தபின், கேட்டபின், உள்ளத்தில் ஒரு கேள்வி குடையும். அந்தக் கேள்விதான் கரு. கேள்வி எழாமல் 'ஆகா' மட்டும் எழுந்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாக உறங்கலாம். எழுத வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

இசையைப் பற்றியும் ஓவியத்தைப் பற்றியும் நம் நாட்டில் எழுதப்படும் கதைகளில் எத்தனையோ 'ஆகா'க்கள்! தேன் என்பார், அமுது என்பார், தெய்வீகம் என்பார். நாலு பக்கம் முடிந்துவிடும். பாடியவன் என்ன உண்டான், எங்கே உறங்கினான் என்று ஒரு வரி இராது. உலகம் போற்றும் எழுத்தாளர்கள் இந்த வேலையை எப்படிச் செய்தனர் என்று பார்த்தால், நாம் சொல்ல வருவது விளங்கும்.

1867ஆம் ஆண்டு. ரஷ்ய எழுத்தாளர் டாஸ்டாயெவ்ஸ்கி, கடன்காரர்களின் தொல்லையால் தாய்நாட்டில் இருக்கமாட்டாமல், இளம் மனைவி அன்னாவுடன் ஐரோப்பிய நாடுகளில் அலைந்துகொண்டிருந்தார். ஜெனீவா செல்லும் வழியில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இறங்கினார். அங்கே ஓவியக் கூடத்தில் ஒரு படம். இளைய ஹான்ஸ் ஹோல்பைன் என்ற ஓவியர் 1521, 22ஆம் ஆண்டுகளில் தீட்டியது. கல்லறையில் கிடத்தப்பட்ட ஏசுவின் உடல்தான் பொருள். நீளம் 2 மீட்டர். உயரமோ 30 சென்டிமீட்டர்தான்! சவப்பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். தலையைச் சுற்றி ஒளிவட்டம் இல்லை. அருகில் அழுவோர் கூட்டம் இல்லை. திறந்த வாய், நிலைகுத்திய விழி, பச்சை படர்ந்த முகம், விறைத்த விரல்கள். செத்த மனிதன் எப்படி இருப்பானோ அப்படி!

அன்னாவால் அதைப் பார்க்க முடியவில்லை. அடுத்த கூடங்களுக்குச் சென்றுவிட்டார். கால் மணி நேரமோ அதற்கு மேலோ கழித்துத் திரும்பினால், கணவர் அதே இடத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறார். அவருக்கு வலிப்பு நோய் உண்டு. அது வருமுன் முகத்தில் தோன்றும் கலவரம் அப்போது தோன்றியிருந்ததைக் கண்டு அஞ்சி, கையைப் பிடித்து அழைத்துச் சென்று உட்காரவைத்தாராம். பிற்காலத்தில் அந்த அம்மையாரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ள செய்தி இது.

மறு ஆண்டு, 1868இல், 'அசடன்' நாவல் மாத ஏட்டில் வெளிவரத் தொடங்கியது. அதிலே ஒரு வணிகன் வீட்டில், கதவுக்கு மேலே, அதே படத்தின் படி ஒன்று தொங்குகிறது. இதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒருவன் தன் நம்பிக்கையையே இழந்துவிடுவானே என்கிறான் கதைத் தலைவன். காச நோயால் செத்துக்கொண்டிருக்கும் சிறுவன் ஒருவன் இன்னும் ஒரு படி மேலே போகிறான்: இப்படிக் கிடந்த உடலைக் கண்ணால் கண்ட சீடர்கள், இவர் மீண்டும் எழுவார் என்று எப்படி நம்பினார்கள்?

தோழர்களே! டாஸ்டாயெவ்ஸ்கி நம்மைப் போன்றவர் அல்லர். பக்தர், சாகும்வரை பக்தர். நம்பிக்கையை நிலைநாட்டவே எழுதியவர். ஆயினும் அந்தப் படம் எழுப்பிய கேள்வியை அவர் மூடி மறைக்கவில்லை. தமக்கு வசதியான விடையை எழுதி முடித்துக்கொள்ளவும் இல்லை. தம் கொள்கைக்கு வேட்டு வைக்கக்கூடிய கேள்வியை, தம் கதையின் நடுக்கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவைத்தார்! அந்த நேர்மையைக் கண்டு நாம் தலை வணங்குகிறோம். நம் கொள்கைக்குச் சங்கடம் தரும் பாத்திரத்தை நம் கதைகளில் எத்தனை பேர் உலவ விடுகிறோம் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

இனி, இசை. அதற்கும் ரஷ்ய நாட்டில்தான் எடுத்துக்காட்டு. 1888ஆம் ஆண்டு, மாஸ்கோவில் டால்ஸ்டாயின் இல்லத்தில் பீத்தோவனின் 'குரூட்ஸர் சொனாட்டா' வாசிக்கப்பட்டது. வயலினும் பியானோவும் ஒன்றோடொன்று வழக்காடுவதுபோல் அமைந்த இசை. கேட்டிருந்தோரில் ஓவியர் ரேப்பினும் உண்டு, நடிகர் ஒருவரும் உண்டு. இந்த இசை எழுப்பிய உணர்ச்சியை நான் கதையாக எழுதுகிறேன், நீர் படமாகத் தீட்டும், அவர் மேடையில் படிக்கட்டும் என்றாராம் டால்ஸ்டாய். படம் வரவில்லை, நடிகர் அந்த ஆண்டிலேயே இறந்துபோனார். கதை மட்டும் வந்தது, 1889இல். வந்ததோ பெரும் புயல்!

வயலின்காரனோடு சேர்ந்து அந்தச் சொனாட்டாவை வாசிக்கும் மனைவி, பார்த்துப் பொருமும் கணவன், இறுதியில் கொலை. கொன்றவனே இரயில் வண்டியில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிறான். தணிக்கையாளர் தடுத்தனர். 1891இல் டால்ஸ்டாயின் மனைவி சோபியா, ஜார் மன்னனை நேரில் கண்டு வாதாடித்தான் தொகுப்பு நூலில் அச்சிட இசைவு பெற்றார். ஆண் பெண் உறவு பற்றி அந்தக் கதை சொல்லும் முடிவு நமக்கு ஒப்புதல் இல்லை. துறவிக்கு ஏற்ற முடிவு அது. ஆனால், இசை மனிதனைத் தன் வசம் இழக்கச் செய்கிறதே, அது என்ன ஆற்றல் என்று அவர் எழுப்பிய கேள்வி கூர்மையானது.

இதைவிடச் சுவையானது வேறொன்று. கதையை அச்சேற்ற மன்னனிடம் சென்ற அதே சோபியா, வீடு திரும்பிய பின் அதற்கு மறுப்பாக ஒரு கதை எழுதினார்! கொன்ற கணவன் பேசினானே, கொல்லப்பட்டவள் பேசினால் எப்படி இருக்கும்? 'யாருடைய குற்றம்?' என்பது அதன் பெயர். அவர் வாழ்நாளில் அது வெளிவரவில்லை. 1919இல் அவர் மறைந்து, 75 ஆண்டு கழித்து, 1994இல்தான் ரஷ்ய நாட்டில் அச்சேறியது. ஒரே இசை, ஒரே வீடு, இரண்டு கதை. ஒன்று உலகெங்கும் உலா வந்தது, மற்றொன்று பெட்டிக்குள் கிடந்தது.

அந்த இசைக்குள்ளேயே இன்னொரு கதையும் உறங்குகிறது. 1803ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், வியன்னாவில் அதை முதன்முதல் வாசித்த வயலின் கலைஞர் குரூட்ஸர் அல்லர். ஜார்ஜ் பிரிட்ஜ்டவர் என்பவர். ஆப்பிரிக்கக் குருதி வழியில் வந்த தந்தைக்குப் பிறந்தவர். பீத்தோவன் எழுதி முடிக்க நேரம் போதாமல், இரண்டாம் பகுதியைக் கையெழுத்துப் படியைப் பார்த்தே வாசித்தார். பீத்தோவன் மகிழ்ந்து அவர் பெயருக்கே அதைக் காணிக்கையாக்கினார். பிறகு இருவருக்கும் மனத்தாங்கல், பெயர் அடிக்கப்பட்டது. பாரிசில் இருந்த குரூட்ஸரின் பெயர் ஏறியது. அந்தக் குரூட்ஸரோ அதைப் பொது அரங்கில் வாசிக்கவே இல்லை என்பர்! நிறவெறிதான் காரணம் என்று நாம் அவசரப்பட்டு முழங்கிவிடக் கூடாது; ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சால் பிணக்கு வந்தது என்று பிரிட்ஜ்டவரே பிற்காலத்தில் கூறியதாகத்தான் செய்தி. ஆனால் எழுத்தாளன் நிற்க வேண்டிய இடம் இது. ஓர் இசை, தன்னை வாசிக்காதவன் பெயரைத் தாங்கி 200 ஆண்டுகளாக ஒலிக்கிறதே!

நம் இளங்கோவுக்கு இந்த நுட்பமெல்லாம் எப்போதோ தெரிந்திருந்தது. புகார்க் கடற்கரை. யாழை வாங்கிக் கோவலன் பாடுகிறான். பாட்டில் வேறொருத்தி ஒளிந்திருப்பதாக எண்ணுகிறாள் மாதவி. அவள் வாங்கிப் பாடுகிறாள். அதில் வேறொருவன் ஒளிந்திருப்பதாக எண்ணுகிறான் இவன், எழுந்து போய்விடுகிறான். மதுரை எரிந்தது வரையில் நடந்ததெல்லாம் அந்த இரண்டு பாட்டுக்குப் பிறகுதான். கதைக்கு இடையே இனிமைக்காகச் சேர்த்த பாட்டு அல்ல. கதையின் அச்சாணியே பாட்டு!

அதற்கும் முன்னால் அரங்கேற்று காதையைப் பாருங்கள். ஏழாண்டுப் பயிற்சி, பன்னிரண்டு வயது, மன்னன் முன் ஆடல். யாழாசிரியன் இலக்கணம், குழலாசிரியன் இலக்கணம், தண்ணுமையாசிரியன் இலக்கணம் எல்லாம் அடுக்கடுக்காக வருகின்றன. புலவர் உரை எழுதிக் களிக்கின்றனர், களிக்கட்டும். ஆனால் காதை அங்கே முடியவில்லை. மன்னன் அளித்த பரிசு 1008 கழஞ்சு பொன். அந்த விலைக்கு மாலையை வாங்குவோனுக்கு மாதவி உரியவள். கூனி ஒருத்தி அந்த மாலையோடு செல்வர் திரியும் தெருவில் நிற்கிறாள். கலையின் புகழை இவ்வளவு விரிவாகப் பாடிவிட்டு, கடைசியில் அதை விலை கூவும் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறாரே, அவர் அல்லவா கதை சொல்லி!

அந்த மாலையின் விலையை இருபதாம் நூற்றாண்டில் எடுத்துக் கேட்டவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். ஆடலும் பாடலும் பிழைப்பாக விதிக்கப்பட்ட சூழலில் வளர்ந்தவர், 1936இல் 'தாசிகள் மோசவலை' என்று நாவலே எழுதினார். சட்டம் வந்தது 1947இல், நாவல் முந்திக்கொண்டது. நடையழகு போதாது என்று அதை ஒதுக்கும் திறனாய்வாளர்கள், சலங்கை ஒலியை மட்டும் கேட்டுப் பழகிய காதுக்காரர்கள்.

நாமும் நம்மளவில் முயன்றதுண்டு. தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் திருமண ஊர்வலம். நாகசுரக்காரர் தோடியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். கூட்டம் அவரை மொய்த்துக்கொண்டு நிற்கிறது. பின்வரிசையில் ஒரு முதியவர் ஒத்து ஊதிக்கொண்டிருந்தார். ஒத்து என்பது நாகசுரத்தின் தோற்றமே கொண்டது. ஆனால் இராகம் வாசிக்கும் துளைகள் இல்லை. அடிப்பகுதியில் சுருதி கூட்டுவதற்கான துளைகள் மட்டும் உண்டு, அவற்றையும் மெழுகு வைத்து அடைத்திருப்பர். ஒரே சுருதி, இரவு முழுவதும் ஒரே சுருதி. கன்னத்தில் காற்றைத் தேக்கி ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். ஒலி ஒரு கணமும் அறுபடக் கூடாது. அறுபட்டால்தான் அவர் ஒருவர் இருப்பதே ஊருக்குத் தெரியும்!

ஊர்வலம் முடிந்தபின் அவரை அணுகி, "ஐயா, ஊதும்போது என்ன நினைத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டோம்.

"தொடக்கத்தில் மூச்சைத்தான் நினைத்தேன், தம்பி. பழகிய பிறகு அது பாட்டுக்கு ஓடுகிறது. இப்போது வீட்டுக் கணக்குப் பார்ப்பேன். தோடி முடிவதற்குள் மளிகைக் கடைப் பாக்கியைக் கூட்டி முடித்துவிடலாம். கலியாணி என்றால் சில நாள் வட்டிக் கணக்குக்கும் இடம் இருக்கும்" என்றார், சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அன்றிரவு நம் உறக்கம் போயிற்று. 'ஒத்து ஊதுகிறான்' என்பது நம் மேடைகளில் எதிரியைக் குத்தும் சொல். கேட்டதும் கைதட்டல் பறக்கும். அந்தக் கூட்டத்தில் இந்த முதியவரின் மகன், நம் கட்சித் தோழனாக, முன்வரிசையில் அமர்ந்திருந்தால்? எல்லோரும் கைதட்டும்போது அவன் கை என்ன செய்யும்? இதையே கதையாக எழுதி ஓர் ஏட்டுக்கு அனுப்பினோம். நாகசுரக்காரரைத் தலைவனாக்கிக் காதல் ஒன்றையும் சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்று எழுதினார் ஆசிரியர். நாம் சேர்க்கவில்லை, வேறோர் ஏடு அப்படியே வெளியிட்டது.

இன்று பெரும்பாலான மேளங்களில் ஒத்துக்காரரின் இடத்தில் சுருதிப் பெட்டி அமர்ந்துவிட்டது. விசையைத் திருகினால் போதும். மூச்சு வாங்காது, கூலியும் கேட்காது. நடுவழியில் அது நின்றுவிட்டால் மேளக்காரர்கள் என்ன செய்கிறார்கள், யாரைத் தேடுகிறார்கள் என்று இப்போது ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருக்கிறோம். பழைய ஒத்துக் குழலைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கும் வீடு ஒன்று இருப்பதாகக் கேள்வி. அடுத்த வாரம் போகிறோம்.