இரண்டு பங்கு பாயசம்

தசரதர் அளித்த பாயசத்தில் சுமித்திரா தேவிக்கு மட்டும் இரு முறை பங்கு கிடைத்தது. அதனால்தான் இலக்குவனும் சத்துருக்கனனும் இரட்டையராகப் பிறந்தார்கள் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்ட என் மகள் இரட்டைக் கரு தாங்கியிருக்கிறாள் என்ற செய்தி திண்டிவனத்துக்கு வந்தபோது அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. அன்று மாலையே மயிலம் மலையேறி முருகனுக்கு அர்ச்சனை செய்தேன்.

உறவினர் அனைவரும் கேட்டது ஆணா, பெண்ணா என்று. அதைக் கண்டறிந்து சொல்வது சட்டப்படி குற்றம். மருத்துவர் அம்மையார் கவனித்ததோ வேறொன்றை. "ஐயா, நஞ்சுக்கொடி ஒன்றுதான். இரண்டு குழந்தைகளும் அதையே பகிர்ந்துகொள்கின்றன. 16ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தவறக்கூடாது" என்றார். தனித்தனி நஞ்சுக்கொடி இருந்தால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதுமாம். ஒன்றா இரண்டா என்பது 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும் என்றும் சொன்னார்.

சுமித்திரைக்கு வந்தது இரண்டு பங்கு. என் மகளுக்கு வந்தது ஒரே பங்கு, உண்பவர் இருவர். வங்கியில் 35 ஆண்டுகள் கழித்தவனுக்கு அது கூட்டுக் கணக்காகவே பட்டது. ஒருவர் போட்டதையெல்லாம் மற்றவர் எடுத்துக்கொண்டே இருந்தால்? ஒரே நஞ்சுக்கொடியில் இருவரின் இரத்தக் குழாய்களும் இணைந்திருப்பதால், ஒரு குழந்தையின் இரத்தம் மற்றதற்குப் பாய்ந்துவிடக்கூடும். இத்தகைய கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 15 வரை இவ்வாறு நேர்கிறது. கொடுக்கும் குழந்தை மெலியும். அதைச் சுற்றிய பனிக்குட நீர் வற்றும். வாங்கும் குழந்தைக்கு நீர் மிகும், இதயம் களைக்கும். தொடக்கத்தில் தாய்க்கு எதுவும் தெரியாமலே போகலாம்.

இதையெல்லாம் கேட்டறிந்த பின்னும் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகையைத் தரிசிக்க ஐந்தாம் மாதத்தில் நாள் குறித்தேன். அதே நாளில் 18ஆவது வார ஸ்கேன். "அப்பா, தேதியை மாத்தக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றாள் மகள். "ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும்? அம்பாள் பார்த்துக்கொள்வாள்" என்று வாயை அடைத்தேன். தவணை தவறியவர்களுக்கு எத்தனை நோட்டீஸ் அனுப்பியவன்!

விளக்கெண்ணெய்ப் பிரசாதத்தோடு மனம் குளிர்ந்து திரும்பினோம். அடுத்த வாரம் ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்த அம்மையாரின் முகம் மாறியிருந்தது. ஒரு குழந்தைக்கு நீர் ஏறத்தாழ வற்றிவிட்டது. அன்றிரவே சென்னைக்குப் புறப்பட்டோம். கருப்பைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, இணைந்திருந்த இரத்தக் குழாய்களை லேசர் ஒளியால் அடைத்தார்கள். இரண்டும் பிழைக்கும் என்று உறுதி சொல்ல இயலாது என்றார்கள். கையெழுத்திட்ட மாப்பிள்ளையின் விரல் நடுங்கியதைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டும் பிழைத்தன. அம்பாள்தான் காப்பாற்றினாள் என்று சம்பந்தியம்மாள் சொன்னார். நானும் அப்படியே நம்புகிறேன். ஆனால் ஸ்கேனைத் தள்ளிவைக்கும்படி அம்பாள் என்னிடம் கேட்கவில்லை.

இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறையுமுன் பிறந்துவிடுகிறார்கள். எங்களுடையவர்கள் 33ஆவது வாரத்தில் வந்தார்கள். ஒருவன் 1,850 கிராம், மற்றவன் 1,300 கிராம். நுரையீரல் முதிர்ச்சிக்கான ஊசியை மகளுக்கு முன்னரே போட்டிருந்தார்கள். பிறகு கங்காரு முறை: குழந்தையைத் தோலோடு தோலாக மார்பில் சாய்த்து வைத்துக்கொள்வது. தாய் ஒருவனை ஏந்தும்போது மற்றவனை மாப்பிள்ளையோ நானோ ஏந்துவோம். சன்னிதியில் நிற்பதுபோல் மேல்சட்டை இன்றி, சின்னவனை மார்பில் சுமந்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். அவன் மூச்சை எண்ணியே பொழுது போயிற்று.

முதலாண்டு நிறைவுக்கு இருவரையும் தூக்கிக்கொண்டு திருக்கருகாவூர் சென்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் வயதான அவள் தந்தையும் நின்றார்கள். "இரட்டையாம், சார்" என்றார் பெருமிதத்துடன்.

"நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மகளிடம் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. பிராகாரத்துத் தூணருகே ஒதுங்கி நின்று, மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கினார்.