ஏரிக்கரையில் விளையும் தோரணம்

ஆயுத பூசைக்கு முந்தைய நாள் இருங்காட்டுக்கோட்டையில் சாலையோரம் முழுக்கப் பச்சையாகிவிடுகிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் இடைவிடாமல் போய்க்கொண்டிருக்க, சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பிரியும் முனையில் வாழைக்கன்றுகள் கட்டுக்கட்டாகச் சாய்ந்து நிற்கும். பக்கத்திலேயே மாவிலைக் கொத்துகள், சாம்பல் பூசணிக் குவியல், பொரி மூட்டைகள். இவற்றுக்கு நடுவே ஈரச் சாக்கு விரித்து உட்கார்ந்து தென்னங்குருத்தில் தோரணம் பின்னுகிறவர்களைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

ஒரு மூதாட்டி, அவருடைய மகள், மருமகன், பள்ளிக்கூடம் படிக்கும் பேத்தி. மூதாட்டியை அங்கே எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். “வா கண்ணு, வெயில்ல நிக்காத, இப்டி உக்காரு” என்று சாக்கின் ஓரத்தைக் காட்டினார். பேச்சு நடந்துகொண்டே இருந்தது, கை ஒரு கணமும் நிற்கவில்லை.

குருத்தோலையிலிருந்து ஒரு இணுக்கைப் பிய்த்து இரண்டாக மடிக்கிறார். நடு ஈர்க்கைத் தொடாமல் இரண்டு பக்கமும் கட்டைவிரல் நகத்தால் சீராகக் கீறுகிறார். கீறிய இழைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக மடித்து உள்ளே செருகியதும் ஓலைக்கு இடுப்பும் இறக்கையும் வந்துவிடுகின்றன. மேல்நுனியைக் கயிற்றில் போட்டு ஒரு சுருக்கு. அவ்வளவுதான், அடுத்த ஓலை. நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தவர், “கையப் பாத்தா வராது. ஓலையப் பாரு, அது எங்க மடியணுமோ அதுவே சொல்லும்” என்றார். கல்யாணத்துக்குக் கிளி, கோயிலுக்கு மணி, பந்தலுக்கு விசிறி என்று அவருக்குப் பல மடிப்புகள் தெரியும். சாவு வீட்டுக்கு மடிப்பே வேறு. அதைப் பண்டிகை நாளில் செய்து காட்ட மாட்டேன் என்றுவிட்டார்.

இந்த வேலையின் முதல் பாதி மரத்தின் மேல் நடக்கிறது. அது மருமகனின் பொறுப்பு. குருத்து என்பது தென்னையின் உச்சியில் ஈட்டி போல நிமிர்ந்து நிற்கும், இன்னும் விரியாத மட்டை. வெயில் படாததால் பச்சை ஏறாமல் இளமஞ்சளாகவும் துணி போலக் குழைவாகவும் இருக்கிறது. தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டைதான் விடும். ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பாளை. அதனால் குருத்தை வெட்டினால் மரத்தின் வருங்காலக் காய்ப்பில் கை வைத்ததாக ஆகும். அரிவாள் கொஞ்சம் தாழ்ந்து மொட்டில் பட்டுவிட்டால் மரமே போய்விடும், தென்னைக்குப் பக்கக் கிளை கிடையாதே. காய்ப்பு ஓய்ந்த மரங்களைத்தான் தோப்புக்காரர்களிடம் கேட்டு வாங்குகிறார் அவர். எந்த மரத்தில் போன தடவை வெட்டினார் என்பதை நினைவில் வைத்திருந்து, அதைத் தொடாமல் விடுகிறார். ஒரு குருத்தில் இருநூறு இணுக்குகளுக்கு மேல் கிடைக்கும். வெட்டியவுடன் ஈரச் சாக்கில் சுற்றிவிட வேண்டும். காற்றுப் பட்டால் விறைத்துவிடும், விறைத்த ஓலை மடிக்கும்போது முறியும்.

மாவிலை மகளின் வேலை. தென்னங்கயிற்றின் முறுக்கை நெகிழ்த்திக் காம்பைச் செருகி விட்டுவிடுகிறார். முறுக்கு தானாகவே இறுகி இலையைப் பிடித்துக்கொள்கிறது. நூல் கட்டினால் இலை வாடிச் சுருங்கும்போது நழுவி விழுந்துவிடும் என்றார். கொழுந்தும் வேண்டாம், முற்றலும் வேண்டாம். நடுத்தர இலைதான் வாசலில் காய்ந்தாலும் அழுகாமல் நிற்கும்.

இவர்களிடம் வாங்குகிறவர்கள் யார்? பெரும்பாலும் ஆலைகள். கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் 1996இல் இங்கே கால் வைத்தது, 1998இல் முதல் கார் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து உதிரிபாக ஆலைகள் ஒரகடம் வரைக்கும் பரவின. ஆயுத பூசையன்று ரோபோ கைக்கும் சந்தனம் வைக்கிறார்கள், அச்சு இயந்திரத்தின் தலையிலும் மாவிலை கட்டுகிறார்கள். இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் செப்டம்பர் 17இல் விசுவகர்மா பூசை கொண்டாடுவதால் தோரண வேலை சில வாரம் முன்பே தொடங்கிவிடுகிறது என்றார் மருமகன். ஆலை வந்ததால் இந்தக் கைத்தொழில் அழிந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆலைவாசல்தான் இன்று இவர்களுக்குப் பெரிய சந்தை.

மறுநாள் விடியற்காலை ஆயாவோடு நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஊருக்குப் போனேன். அவருடைய மாமியார் காலத்திலிருந்து இவர்கள் குடும்பம்தான் தோரணம் கட்டும் வீடு அது. முன்பு கூலியைக் களத்தில் நெல்லாக அளந்தார்களாம். நாட்டு ஓடு, இரண்டு பக்கமும் திண்ணை, மரத்தூண், நடுவில் முற்றம். நிலையின் மேல்கட்டையில் யானைகள் நீர் சொரியும் திருமகள் உருவம் செதுக்கப்பட்டிருந்தது. வருடக்கணக்காகப் பூசிய மஞ்சளும் குங்குமமும் படிந்து அந்த முகம் மழுங்கிப்போயிருந்தது. கவனித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நிலையின் இரு முனையிலும் இரும்புக் கொக்கிகள். வீட்டைக் கட்டிய தச்சர் தோரணத்துக்கு அன்றைக்கே இடம் விட்டிருக்கிறார்.

வீட்டம்மா உள்ளிருந்து பித்தளை அண்டாவையும் குத்துவிளக்குகளையும் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து வைத்தார். பரணிலிருந்து வெண்கல உருளியும் இறங்கியது. ஆயா ஸ்டூல் மேல் ஏறி ஒரு கொக்கியிலிருந்து மறு கொக்கிக்குக் கயிற்றை இழுத்தார். நடுவில் எவ்வளவு தொய்வு விட வேண்டும் என்பதை வீட்டுக்காரரின் தலை உயரம் பார்த்து முடிவு செய்தார். அளவுகோல் எதுவும் இல்லை.

“இந்தக் கதவக் கேட்டு ரெண்டு தடவ ஆளு வந்துட்டாங்க” என்றார் வீட்டம்மா. பழைய சாமான் வாங்குகிறவர்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிலத்தின் விலை ஏற ஏற ஓட்டு வீடுகள் இடிகின்றன. தூணும் நிலையும் வண்டி ஏறுகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக நிற்கும் கடைகளில் இப்படிப் பிறந்த வீட்டை விட்டு வந்த பொருள்களைப் பார்த்திருக்கிறேன். நூறு ஆண்டு தாண்டிய கைவேலைப் பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது என்கிறது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். உள்நாட்டில் ஒரு வீட்டிலிருந்து பெயர்ந்து ஒரு ஓட்டலின் வரவேற்பறைக்குப் போவதை அது தடுப்பதில்லை. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகம் செட்டிநாட்டு வணிகர் வீட்டைப் பெயர்த்தெடுத்து வந்து மறுபடி எழுப்பியிருக்கிறது. இடிந்துபோகவிருந்ததைக் காப்பாற்றியது பெரிய காரியம். ஆனால் எல்லாக் கதவுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது. பல கதவுகள் கண்ணாடி போட்ட மேசையாகின்றன, மேலே பிளாஸ்டிக் மாவிலை தொங்குகிறது. கொக்கி இருக்கிறது, அதில் கட்ட ஆள் இல்லை. பழமையைக் காப்பதில் மரத்தை மட்டும் காப்பது பாதி வேலைதான் என்பது எனக்கு அங்கே உறுதியாயிற்று.

மீதிப் பாதியை ஆயா ஏரிக்கரையில் காட்டினார். செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் போகும் வழியில் கிடக்கும் சின்ன ஏரிகளில் ஒன்று அது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தையே ஏரி மாவட்டம் என்பார்கள். கரைச் சரிவில் ஆவாரை மஞ்சளாகப் பூத்திருந்தது. சிறுபீளை அப்போதுதான் தளிர்விட்டிருந்தது. அது மார்கழி கடைசியில் வெள்ளைக் கதிராகும். போகியன்று ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வீட்டு இறவாணத்தில் செருகுவதற்கு ஆயா இங்கேதான் பறிக்க வருகிறார். இந்தச் செடிகளை யாரும் பயிரிடுவதில்லை. கரையிலும் மேய்க்கால் நிலத்திலும் தானாக முளைப்பவை. நிலம் இல்லாதவர்களுக்கு இந்தப் புறம்போக்குதான் தோட்டம். “முன்ன ரோட்டுக்கு அந்தாண்ட பூரா ஆவாரதான். இப்ப காம்பவுண்டு சுவரு” என்று கை காட்டினார். குரலில் கோபம் இல்லை. ஆனால் பொங்கலுக்கு இப்போது வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதை இரண்டு முறை சொன்னார்.

வாசலில் பச்சையைக் கட்டுவது நம்முடைய வழக்கம் மட்டும் அல்ல. இந்தச் சாலையில் தினமும் கார் ஏறி ஆலைக்குப் போகும் கொரியர்களின் நாட்டில், குழந்தை பிறந்த வீட்டு வாசலில் இடப்புறம் முறுக்கிய வைக்கோல் கயிறு கட்டும் வழக்கம் இருந்தது. ஆண் குழந்தை என்றால் சிவப்பு மிளகாயும் கரியும், பெண் என்றால் பைன் கொத்தும் கரியும் அதில் தொங்கும். ஜப்பானியர் புத்தாண்டுக்கு மூங்கிலும் பைனும் வாசலில் வைக்கிறார்கள். ஆயாவின் தோரணத்துக்கு முன்னால் ஒரு கொரிய மேலாளரை நிறுத்தினால், அது எதற்கு என்று விளக்க வேண்டி இருக்காது.

அதனால்தான் இந்தக் கோரிக்கையை ஆலைகளிடமே வைக்கலாம் என்று நினைக்கிறேன். தொழிற்பேட்டைகளில் பசுமை வளையம் வளர்ப்பது ஆலைகளின் கடமை. அந்த இடத்தை அழகுச் செடிகளுக்கும் புல்தரைக்கும் மட்டும் கொடுக்காமல் சுற்றுச்சுவர் ஓரமாக மாவும் வேம்பும் தென்னையும் வைக்கலாம், வறண்ட மூலைகளில் ஆவாரையை விட்டுவைக்கலாம். ஆவாரைக்குத் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். பண்டிகைக்கு முந்தைய வாரம் அந்தந்த ஊர்த் தோரணக்காரர்களை உள்ளே விட்டுப் பறித்துக்கொள்ளச் சொல்லலாம். தோரணத்தைக் கடைசி நாளில் சாலையில் பேரம் பேசி வாங்காமல், ஆண்டுதோறும் அவர்களுக்கே முன்பணம் கொடுத்து ஒப்படைக்கலாம். பழைய வீடு வைத்திருப்பவர்களும் கதவை விற்குமுன் அதில் தோரணம் கட்டியவர் யார் என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும். ஆயாவின் பேத்திக்கு இப்போதே மூன்று மடிப்புகள் வருகின்றன. அவள் அதைத் தொடர்வதும் விடுவதும் அவள் விருப்பம். ஆனால் தொடர விரும்பினால் பறிக்கச் செடியும் கட்ட வாசலும் உழைப்புக்கு ஏற்ற கூலியும் அவளுக்கு இருக்க வேண்டும். அதைச் செய்து தருவது இந்த நிலத்தில் ஆலை கட்டியவர்களாலும் வீடு கட்டியவர்களாலும் முடியாத காரியம் இல்லை.