ஏழுல நிக்கும், பயப்படாதீங்க

ரிச்சி தெருவில் காலை பதினொன்றுக்கே நடக்க இடமில்லை. "சார் என்ன வேணும், சொல்லுங்க சார்" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைப்பவர்களைத் தாண்டி, செல்போன் கவர் கடைகளுக்கு நடுவே ஒரு இரும்புப் படி. மேலே ஏறினால் அந்தக் கடை. கடை என்று சொல்வதுகூட அதிகம்; ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல்.

என் பையில் இருந்தது பன்னிரண்டு வருட லேப்டாப். சார்ஜரைப் பிடுங்கினால் நாலு நிமிடத்தில் அணைந்துவிடும். அந்த மாடலுக்கு இப்போது பேட்டரி வருவதில்லை. 'புதுசு' என்று நம்பி வாங்கிய ஒன்று ஐந்தே மாதத்தில் படுத்துவிட்டது. சரி, பழைய பேட்டரிக்குள் இருக்கும் செல்களையே மாற்றிவிடலாம் என்று கிளம்பி வந்திருந்தேன்.

"கம்பெனி பேக்கா? அப்ப மாத்தலாம்ணே" என்றார் கடைக்காரத் தம்பி. பேட்டரியின் விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை நுழைத்து, இன்ச் இன்ச்சாக நெம்பினார். ஒட்டு விடும்போதெல்லாம் முறுக்கு உடைவதுபோல் 'நறுக்' என்றது. அவசரப்பட்டு இரும்பால் குத்தினால் செல் கிழியும். அப்புறம் புகை, நெருப்பு. மேஜைக்கடியில் ஒரு வாளி மணல் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

உள்ளே ஆறு உருளைகள். 18650 என்று பெயர்: 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம். இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று ஜோடி, அவை ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்றால் மூன்றுக்கு 10.8, பேட்டரி மேல் அச்சிட்டிருந்ததும் அதுதான். தம்பி மீட்டரை வைத்தார். முதல் ஜோடி 3.7. இரண்டாவதும் ஏறக்குறைய அதே. மூன்றாவது 0.9.

"இது ரெண்டுதாண்ணே செத்துப்போச்சு. மத்த நாலும் ஓடும்."

ஒரு ஜோடி விழுந்தால் மொத்தப் பேக்கையும் பேட்டரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு போர்டு நிறுத்திவிடும். நாலு நல்ல செல்கள் சும்மா கிடந்திருக்கின்றன. செத்ததை மறுபடி சார்ஜ் ஏற்றிப் பார்க்கலாமே என்றேன். தலையை ஆட்டினார். 2 வோல்டுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். பிறகு சார்ஜ் ஏற்றினால் அந்தச் செம்பே உள்ளுக்குள் ஷார்ட் ஆக்கிவிடும். சரி, அந்த ரெண்டை மட்டும் மாற்றினால்? புதுசையும் பழசையும் கலந்தால் பழசு முந்திக்கொண்டு காலியாகும். ஆறையும் மாற்றத்தான் வேண்டும்.

புது செல்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். 45 கிராமுக்குப் பக்கத்தில் வர வேண்டுமாம். '9900 எம்ஏஎச்' என்று பளபளக்கும் உறையோடு வருவதெல்லாம் தராசில் ஏறியதும் மாட்டிக்கொள்ளும். இந்த அளவு உருளையில் 3500-ஐத் தொடுவதே பெரிய விஷயம். எடை சரியாக இருந்தவற்றின் பிளஸ் முனையில் காகித வளையம் ஒட்டினார். எனக்கு அன்று புதிதாகத் தெரிந்தது இதுதான்: செல்லின் உடம்பு முழுக்க மைனஸ், அந்தச் சின்னத் தொப்பி மட்டும் பிளஸ். நடுவே மெல்லிய பிளாஸ்டிக் உறைதான். அது தேய்ந்து நிக்கல் பட்டை பட்டால் கதை முடிந்தது.

பட்டையை வைத்து, இரண்டு செம்பு முனைகளால் அழுத்தி, காலால் மிதித்தார். 'டிக்'. ஸ்பாட் வெல்டிங். சால்டரிங் அயர்னைச் செல் மேல் வைக்கவே மாட்டாராம். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பிரிப்புத் தாள் உருகும். யூடியூப் பார்த்து வீட்டிலேயே செய்துவிடலாம் என்று வந்த என் ஆசை அந்த 'டிக்'கோடு போயிற்று.

உண்மையான சிக்கல் போர்டில். அதற்கு ஒரு நொடி மின்சாரம் நின்றாலும் சில பேக்குகள் தங்களைத் தாங்களே பூட்டிக்கொள்ளும். அப்புறம் அதற்கென்று தனிக் கருவி வைத்துத் திறக்க வேண்டும். அதனால் மூன்று செல் போட்ட ஹோல்டரிலிருந்து, நடுவே ரெசிஸ்டர் வைத்து, போர்டின் நான்கு முனைகளுக்கும் முதலில் வயர் கொடுத்தார். அதன் பிறகே பழையதை வெட்டினார். புதிதை இணைத்தபோது மைனஸ் முதலில், பிறகு நடு முனைகள் வரிசையாக, பிளஸ் கடைசியில். அந்த இரண்டு நிமிடமும் தம்பி வாயே திறக்கவில்லை. பக்கத்து ஸ்டூல்காரர் டீ வேண்டுமா என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

1,800 ரூபாய். ஓடக்கூடிய பழைய நாலு செல்லையும் முனைகளில் டேப் சுற்றிக் கையில் கொடுத்தார், டார்ச்சுக்கு ஆகுமாம். செத்த ரெண்டும் கழிவுக்குப் போகும் டப்பாவுக்குள் போயின.

"அண்ணே, போர்டுக்குப் பழைய கணக்குதான் தெரியும். முதல் தடவை ஏழுல வந்து நிக்கும், பயப்படாதீங்க. அதுவா அணையற வரைக்கும் விடுங்க, அப்புறம் ஃபுல் சார்ஜ் போடுங்க."

ராத்திரி சார்ஜரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தேன். நூறிலிருந்து சரசரவென இறங்கி இருபதாவது நிமிடத்தில் 7 சதவீதம். அங்கேயே நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்தேன், 7. செய்தி பார்த்தேன், 7. பத்தே முக்காலுக்கு மனைவி வந்து, "இன்னுமா அணையல?" என்றாள்.