தராசடியில் ஒரு டெமோ

திங்கள், இரவு

வெள்ளிக்கிழமை காலை கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு எங்கள் மென்பொருளை இயக்கிக் காட்ட வேண்டும். மாதாந்த அறிக்கையும் வரைபடங்களும் அழகாக வந்திருக்கின்றன. ஆனாலும் டெமோவில் அவற்றுக்கு இடமில்லை. படகு கரைக்கு வருவது, மீன் நிறுப்பது, விலை பதிவது, முற்பணம் கழிப்பது, பற்றுச்சீட்டு கொடுப்பது: தினமும் நடக்கிற வேலையை, நடக்கிற வரிசையிலேயே காட்டினால் போதும்.

சங்க மண்டபம் வேண்டாம், தராசடியிலேயே வைத்துக்கொள்வோம் என்று கேட்டிருக்கிறேன். மின்விசிறிக்குக் கீழே நன்றாக ஓடுகிற செயலி, வெயிலில் திரை தெரியாமலும் ஈரக்கைக்கு மசியாமலும் நின்றுவிடலாம். அப்படி நிற்குமானால், அது டெமோ அன்றே தெரிந்துவிடட்டும்.

செவ்வாய்

இன்று முழுக்கப் பெயர்ப் பட்டியலோடு போராட்டம். சங்கத்தின் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் உள்ளவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினோம்.

பிறகு அகரவரிசை. யூனிகோடின் குறியீட்டு எண்கள் நம் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை. ன, ப-வுக்கு முன்னே நிற்கிறது; ள, வ-வுக்கு முன்னே நிற்கிறது. கணினியை அதன் போக்கில் விட்டால் வாளை மீன் முதலிலும் வாவல் மீன் பிறகும் வரும். பள்ளியில் அகரவரிசை படித்தவர் வாவலைத்தான் முதலில் தேடுவார். தமிழுக்கான வரிசை விதியைச் சேர்த்த பிறகே பட்டியல் மனிதர் தேடுகிற ஒழுங்குக்கு வந்தது.

இது கச்சான் காற்று அடிக்கும் காலம். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர் நம் கரைக்கு வருவார்கள். நமக்கு அறக்குளா, அவர்களில் சிங்களம் பேசுவோருக்குத் தோரா. பற்றுச்சீட்டில் மீனின் பெயர் இரு மொழியிலும் இருக்க வேண்டும். பணம் வாங்குகிறவர் தன் கணக்கைத் தானே வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

புதன்

டெமோ என்றாலே கணினித் துறையினர் 1968 டிசம்பர் 9-ஐ நினைப்பார்கள். அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் டக்ளஸ் ஏங்கல்பார்ட் ஏறத்தாழ 90 நிமிடங்கள் மவுஸையும், திரையிலேயே எழுதித் திருத்துவதையும், தொலைவில் இருப்பவரோடு முகம் பார்த்துப் பேசுவதையும் இயக்கிக் காட்டினார். அவர் இயக்கிய கணினி ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. அந்த மவுஸ் சாதாரண மக்களின் மேசைகளுக்குப் பரவத் தொடங்கியது 1984-இல் மெக்கின்டோஷ் வந்த பிறகுதான். அவ்வளவு சிறந்த டெமோவுக்கும் பயனாளியின் கைக்கும் இடையே அத்தனை ஆண்டுகள்.

எனக்கு அதைவிட நெருக்கமானது சஹானா. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையையும் அள்ளிப்போனபோது, இலங்கை மென்பொருளாளர்கள் தொண்டாக எழுதியது. காணாமற்போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், தேவைகள் ஆகியவற்றைப் பதியும் மென்பொருள். மேடையேற்றிக் காட்ட அவர்களுக்கு நேரமில்லை. எழுதிய கையோடு பயன்பாட்டுக்குப் போனது. பின்னர் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனின் கீழ் பிற நாடுகளுக்கும் பொருந்தும்படி புதிதாக எழுதினார்கள். 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006-இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது உதவியது. மூல நிரலைத் திறந்து வைத்ததால், யாரும் எடுத்துத் தம் தேவைக்கு மாற்ற முடிந்தது. நம் நாட்டு மென்பொருள் வேலையில் இதைவிட நான் மதிப்பது வேறில்லை.

வியாழன்

ஒத்திகை. இணையத்தை நாங்களே துண்டித்துவிட்டுப் பதிந்தோம். பதிவுகள் டெப்பிலேயே தங்கி, இணைப்பு வந்ததும் போய்ச் சேர்ந்தன. பிரிண்டரை பற்றரியில் ஓட்டினோம். 1998-இல் பில் கேட்ஸ் முன்னிலையில் ஸ்கேனரைச் செருகியதும் விண்டோஸ் 98 நீலத்திரை காட்டி நின்றது உலகறிந்த கதை. ஆகவே ஒத்திகைக்கும் நாளை பயன்படப்போகும் அதே டெப், அதே பிரிண்டர், அதே கடதாசிச் சுருள்.

வெள்ளி

டெப்பைச் சங்கத்தில் கணக்குப் பார்க்கும் அக்காவிடமே கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றோம். உண்மையான படகு, உண்மையான மீன். முதல் பற்றுச்சீட்டு வந்தது. பிறகு கேட்டார்: “தம்பி, ஒரே படகின்ரை மீனை ரெண்டு தரமா நிறுத்தால் என்ன செய்யிறது?” அதற்கு வழி செயலியில் இருக்கிறது. ஆனால் அவர் நெடுநேரம் தேடித்தான் அந்தப் பொத்தானைக் கண்டார். அது நிறைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நாங்கள் குறுக்கிட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்தக் குறை வெளியே வந்திருக்காது.

ஒரு சம்மாட்டி சீட்டை வாங்கிப் பார்த்தார். “என்ரை கடன் எவ்வளவு கழிஞ்சதெண்டு இதிலை தெரியுமோ?” தெரியும்: முன்னிருந்த முற்பணம், இன்று கழித்தது, மிச்சம், மூன்றும் அச்சாகியிருந்தன. அவர் அதைத் தன் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் கிட்ட வந்தார்கள். வரைபடங்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சனி

பொத்தானை இடம் மாற்றியாயிற்று. இனிக் கையளிப்பு. கடவுச்சொற்கள் சங்கத்தின் பெயரிலேயே இருக்கும். ஒவ்வொரு மாலையும் கணக்கின் பிரதி பென் டிரைவில் ஏறும். எங்கள் செயலி இல்லாமலே எந்தக் கணினியிலும் அதைத் திறக்கலாம். முதல் மாதம் பழைய பதிவேட்டிலும் கூடவே எழுதி, நாள் முடிவில் இரண்டையும் ஒப்பிடுவார்கள். அக்கா இன்னொருவருக்குப் பழக்கிக்கொடுப்பார். அப்போது நாங்கள் பக்கத்தில் இருக்கமாட்டோம்.

வாடைக்காற்று தொடங்கினால் படகுகள் குறையும், சங்கம் பருவத்துக் கணக்கை முடிக்கும். அந்தக் கணக்கை எங்களுக்கு ஒரு அழைப்புக்கூட எடுக்காமல் அவர்களே முடிக்கவேண்டும். அப்போதுதான் இந்த வேலையை முடித்துக்கொடுத்தோம் என்று எழுதுவேன்.