முதுமை என்று நான் எழுதியது

ஐந்து வருஷங்களுக்கு முன் அம்மாவைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். உப்பிய இமைகள், உதிர்ந்துவிட்ட புருவ நுனி, கரகரத்துப்போன குரல், வைகாசியிலும் போர்வை தேடும் உடம்பு. முதுமையை இப்படிப் படிமங்களாக்க முடிந்திருக்கிறதே என்று நண்பர்கள் பாராட்டினார்கள். அம்மாவுக்கு அப்போது 52 வயது.

போன வருஷம் வேறெதற்கோ ஒரு டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததுமே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தைராய்டு சுரப்புக் குறைவு. என் படிமங்கள் அத்தனையும் அந்த நோயின் அறிகுறிகள். லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் 1873இலேயே இந்த நிலையை விவரித்திருக்கிறார். 1891இல் ஜார்ஜ் மர்ரே ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி 46 வயதுப் பெண் ஒருத்தியைத் தேற்றினார். அவள் பிறகு 28 வருஷங்கள் வாழ்ந்தாள்.

அம்மா இப்போது காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறாள். சில மாதங்களில் முக வீக்கம் வடிந்தது, குரல் திரும்பிற்று. நரை மட்டும் அப்படியே இருக்கிறது. வயதின் வேலை அது ஒன்றுதான் போலும்.

கவிஞனின் பார்வை கூர்மையானது என்று நமக்குள் ஒரு நம்பிக்கை உண்டு. நானும் எதையும் பார்க்கத் தவறவில்லை. ஆனால் முதுமை என்ற சொல் கையில் தயாராக இருந்தது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

தொகுப்பில் சேர்ப்பதா, விடுவதா என்று தெரியாமல் கவிதையை அம்மாவிடமே வாசித்துக் காட்டினேன்.

"இதையெல்லாம் அப்பவே பாத்திருக்கியேடா" என்றாள்.

பாராட்டாகத்தான் சொன்னாள்.