எட்டடிக் குழாய்

ஆன்டெனாவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் நினைக்கலாம். நாலைந்து அலுமினியக் குழாய், அவற்றைக் கோத்திருக்கும் ஒரு தண்டு, ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் ஒரு காக்கை. அவ்வளவுதானே? ஆனால் 1988ஆம் வருஷம் கலசப்பாக்கத்தில், அந்த நாலைந்து குழாயை எந்த அளவில் வாங்குவது என்ற விசாரம் எங்கள் வீட்டில் பதினைந்து நாள் நடந்தது. என் அத்தைக்கு வரன் பார்த்தபோதுகூட இவ்வளவு யோசித்ததில்லை என்று அம்மா சொல்லுவாள்.

விஷயம் இதுதான். சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது 1975ஆம் வருஷம், ஆகஸ்டு 15. சென்னைக்கும் எங்கள் ஊருக்கும் காக்கை பறக்கிற தூரம் ஏறக்குறைய 145 கிலோமீட்டர். டெலிவிஷன் அலை வெளிச்சத்தின் ஜாதியைச் சேர்ந்தது, நேராகப் போகும். பூமியோ உருண்டை. 150 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் கட்டினால், அதன் பார்வை ஐம்பது கிலோமீட்டர் வரை எட்டும். நம் வீட்டுக் கூரைமேல் பத்து மீட்டரில் கம்பம் நட்டால் இன்னும் பதின்மூன்று கிலோமீட்டர். ஆக 63. மிச்சமிருக்கும் எண்பது சொச்சம் கிலோமீட்டருக்குப் பூமியே குறுக்கே நிற்கிறது. இருந்தாலும் அலை கொஞ்சம் வளைந்தும், காற்று மண்டலத்தில் சிதறியும், வழி தப்பின ஆட்டைப் போல அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து சேரும். வந்து சேருவதைப் பொறுக்குவதுதான் ஆன்டெனாவின் வேலை.

எங்கள் மாமா அப்போது வேறொரு ஊரில் உத்தியோகத்தில் இருந்தார். 1984இலிருந்து நாடெங்கும் முளைத்த சிறு ஒளிபரப்பு நிலையங்களில் ஒன்று அவர் வீட்டுக்கு அருகிலேயே இருந்தது. கூரைமேல் இரண்டரை அடி அகலத்தில் ஒரு சின்ன ஆன்டெனா. படம் கண்ணாடி மாதிரி. கோடை லீவில் போய்ப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அதுவே கைலாசம். அவர் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார்: "அவசரப்படாதீர்கள். உங்கள் பக்கமும் இப்படி ஒரு நிலையம் வரும். அதுவரை பொறுத்தால் சின்ன ஆன்டெனாவோடு காரியம் முடியும். மெட்ராஸை எட்டிப் பிடிக்கப் பணத்தைக் கொட்டாதீர்கள்."

நியாயமான யோசனைதான். ஆனால் அந்தச் சிறு நிலையங்கள் பெரும்பாலும் டில்லியிலிருந்து செயற்கைக்கோள் வழியாக வந்ததையே வாங்கிக் கொடுத்தன. மாமா வீட்டில் படம் கண்ணாடி, பாஷை ஹிந்தி. கலங்கலான படம் வேண்டுமானால் தமிழ். தெளிவான படம் வேண்டுமானால் டில்லி. ஆன்டெனா வாங்குவது என்பது அந்நாளில் பாஷையை வாங்குவதாக இருந்தது.

வீட்டில் ஆயா இருந்தாள், அப்பாவின் தாய். நாற்பது வருஷம் பட்டுக்குத் தார் சுற்றிச் சுற்றி அவள் கண் மங்கிப் போயிருந்தது. எதிரே இருப்பது பிள்ளையா பேரனா என்று குரலைக் கொண்டுதான் தெரிந்துகொள்வாள். கடிதத்தை அப்பா உரக்கப் படித்தபோது அவள் சொன்னாள்: "படம் எப்படியோ போவுது. எனக்கு என்னா தெரியப்போவுது? பேசறது புரிஞ்சாப் போதும்டா."

அப்பா மறுநாளே போளூர் போய் ரேடியோ ரிப்பேர்க்காரரை அழைத்துவந்தார். இரண்டு புடவையின் நெசவுக் கூலி ஆன்டெனாவுக்கும் கம்பத்துக்கும் போயிற்று.

அந்த மனிதர் வியாபாரி மட்டுமல்ல, வாத்தியாரும்கூட. சென்னை அலையின் நீளம் ஏறத்தாழ ஐந்து மீட்டர். அதில் பாதி, அதாவது எட்டடி நீளக் குழாய்தான் அதோடு இசைந்து அதிரும். குட்டைக் குழாய் வாங்கி மெட்ராஸ் வரவில்லையே என்று அழுது பயனில்லை என்று அப்பாவுக்குப் பாடம் நடத்தினார். வயர் இணைக்கிற குழாய் நடுவில். பின்னால் அதைவிடச் சற்று நீளமான ஒன்று. அது அலையைத் திருப்பி அனுப்பும். முன்னால் குட்டையான சில. அவை அலையை வரவேற்று உள்ளே தள்ளும். முன்குழாய்கள் கூடக் கூடத் தூரத்திலிருப்பது கேட்கும். ஆனால் பார்வை குறுகிவிடும், சற்றுத் திரும்பினாலும் போயிற்று. ஜப்பானில் 1926இல் உடா, யாகி என்ற இருவர் கண்டது இது. உழைப்பில் பெரும்பங்கு உடாவினுடையது. ஊர் வாயில் நிலைத்த பெயர் என்னவோ யாகி. உலக வழக்கம்!

கம்பம் நட்ட அன்று தெருவில் பாவு விரித்திருந்தார்கள். ஸ்டே கம்பியை எதிர் மூலைக்கு இழுத்தால் பாவுக்குக் குறுக்கே போகும். அதற்காக ஒரு சிறு பஞ்சாயத்து நடந்து, கம்பி கொல்லைப் புறத்துப் புளியமரத்துக்குப் போயிற்று. பர்வதமலை எங்களுக்கு மேற்கே, முதுகுப் பக்கம். அந்த மட்டும் அதிர்ஷ்டம். "ஆரணிக்குப் புடவை கொண்டுபோற திசையப் பாத்து வச்சு, இன்னும் கொஞ்சம் கிழக்கே தள்ளுங்கண்ணே" என்று கீழே நின்று அவர் கத்த, அப்பா கூரைமேல் கம்பத்தைத் திருக, ஜன்னலில் நின்ற நான் "வரல, வரல" என்று அஞ்சல் செய்ய, முதலில் வந்தது குரல். திரையில் மார்கழிப் பனி. அதற்குள்ளிருந்து ஒருவர் நெல்லுக்கு மேலுரம் இடுவதைப் பற்றித் தெளிவாகப் பேசினார். வயலும் வாழ்வும்!

குரல் முதலில் வந்ததற்குக் காரணம் உண்டு. பழைய முறையில் படத்தை அலையின் பலத்தில் ஏற்றினார்கள். ஒலியை அலையின் அதிர்வெண்ணில் ஏற்றினார்கள். பலம் தேய்ந்தால் படத்தில் புள்ளி விழும். ஒலி அவ்வளவு எளிதில் கெடாது. ஆக, நாங்கள் பனியைப் பார்த்தோம். ஆயா டெலிவிஷன் பார்த்தாள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வரும்போது, திரையில் ஆடுகிறவர் யாரென்று நாங்கள் சண்டையிட, பாட்டைக் கேட்டு அவள்தான் தீர்ப்புச் சொல்லுவாள்.

பிறகு பூஸ்டர் வாங்கினோம். அதைக் கம்பத்தின் உச்சியில், குழாயின் அருகிலேயே கட்டவேண்டும். வீட்டுக்குள் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால், நாற்பதடி வயரில் சேர்ந்த குப்பையையும் கூடவே பெருக்கித் தரும். இந்த ஒரு விஷயத்தை எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

தெற்கே கதை வேறு மாதிரி. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது, தன் பிரதான ஒளிபரப்பியை அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பீதுருதலாகலையில் வைத்தது. 2,500 மீட்டருக்கு மேல். உயரம் பேசுகிறது பாருங்கள்! ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் சென்னையைவிட இலங்கை சுலபமாக வந்தது. அங்கே ஆன்டெனாக்கள் கடலைப் பார்த்து நின்றன. சிங்களச் செய்தியைப் பொறுமையாகத் தாண்டித் தமிழ் நிகழ்ச்சிக்குக் காத்திருந்தவர்கள் இன்றும் அந்தப் பக்கங்களில் இருக்கிறார்கள்.

இப்போது 'டிஜிட்டல் ஆன்டெனா' என்று விளம்பரம் வருகிறது. ஆயிரம் மைல் எட்டும், எல்லாச் சேனலும் இலவசம் என்கிறார்கள். நல்ல வேடிக்கை. அலுமினியத்துக்கு டிஜிட்டல் என்றும் பழைய முறை என்றும் பேதம் தெரியாது. அதற்குத் தெரிந்தது அலையின் நீளம் ஒன்றுதான். தூர்தர்ஷன் 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் தொடங்கிய தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பின் அலை சிறியது. குழாய் ஒரு சாணுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். ஆனால் அதற்குப் பனி கிடையாது. அலை போதுமானால் படம் அப்பழுக்கில்லாமல் வரும்; ஒரு பிடி குறைந்தால் துண்டு துண்டாக உடைந்து, குரலும் சேர்ந்து செத்துப்போகும். ஆயாவுக்குக் கிடைத்த அந்த நடுநிலை, படமில்லாத பேச்சு, இனி யாருக்கும் கிடையாது. இதை முன்னேற்றம் என்று முழு மனதோடு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கலசப்பாக்கத்துக்காரர் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், எட்டடியும் வேண்டாம், ஒரு சாணும் வேண்டாம் என்பேன். மிகச் சில இடங்கள் நீங்கலாகப் பழைய ஒளிபரப்பிகளைத் தூர்தர்ஷன் 2022 மார்ச்சுக்குள் மூடத் திட்டமிட்டு மூடிவிட்டது. மாதக் கட்டணமில்லாமல் வேண்டுமென்றால், 2004இல் வந்த தூர்தர்ஷனின் இலவச டிஷ்தான் வழி. தமிழ்ச் சேனல்கள் அதில் சொற்பம். அதன் செயற்கைக்கோள் நிற்பது கிழக்கு 93.5 பாகையில், எனவே தட்டைத் தென்கிழக்கே, நன்றாக அண்ணாந்து பார்க்கும்படி வைக்கவேண்டும். தென்னை மறைக்காத இடமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆயா 1994இல் போய்விட்டாள். அதற்கு முந்தின வருஷமே எங்கள் தெருவில் கேபிள் வந்து, படம் பளிச்சென்று ஆகிவிட்டது. குழாய்களைப் பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துப்போனார்.

எங்கள் பக்கத்து வீட்டில் இன்னும் தறி ஓடுகிறது. அவர் இலவச டிஷ் வைத்திருக்கிறார். டெலிவிஷன் பெட்டி அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. குழியில் காலை வைத்துத் தறியில் உட்கார்ந்துவிட்டால் ஜரிகையைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. சாயங்காலச் செய்தியைக் கேட்டபடி நெய்கிறார். சத்தம் குறைந்தால், "கொஞ்சம் பெரிசா வைடா" என்று திரும்பாமலே பேரனுக்குக் குரல் கொடுக்கிறார்.